மருத்துவ ஆராய்ச்சியும் புள்ளியியற் பயிற்சியும்

கணிதம் பயிலும் மாணாக்கர் மருத்துவச்சாலைக்குச் செல்லவேண்டுவது காய்ச்சல் கண்டபொழுது மட்டுமே என்பது நம் கலாசாலையில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். நாமும் அவ்வெண்ணத்தோடுதான் பல ஆண்டுகள் பாடம் சொல்லி வந்தோம். சென்ற ஆடி மாதத்தில் நேர்ந்த நிகழ்ச்சியொன்று அதனை மாற்றிற்று. அந்நிகழ்ச்சியில் நம்முடைய பங்கு பெருமைக்குரியதன்று. எனினும், அதை மறைத்துவிட்டுப் பொதுப்பட எழுதுவதாற் பயனில்லையாகலின், நடந்ததை நடந்தவாறே கூறுகின்றோம்.

அறுவை மருத்துவத்தில் மேற்பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த இளம் பெண்மணி ஒருவர் ஒரு பிற்பகலில் நம் புள்ளியியற் பகுதிக்கு வந்தார். அவர் நம் பழைய மாணவர் ஒருவருக்குத் தங்கையாவார். நீரிழிவினாற் காலில் புண் கண்டவர் 140 பேரை இரண்டாண்டுக் காலம் பார்த்து, புண்ணுக்குக் கட்டும் இருவகைக் கட்டுகளுள் எது விரைவில் ஆற்றுகின்றது என்று அவர் ஆராய்ந்திருந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. விவரம் முழுவதும் எக்செல் அட்டவணையாக ஒரு பென் டிரைவில் இருந்தது. “சார், எல்லாம் தயார். இதற்கு ஒரு பி-வேல்யூ மட்டும் போட்டுக் கொடுத்தாற் போதும்” என்றார்.

பி-வேல்யூ என்பது யாதென அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல். இரு கட்டுகளுக்குமிடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்நிலையிலும் நம் அட்டவணையிற் காணும் அளவுக்கோ அதனினும் மிகையாகவோ வேறுபாடு தற்செயலாய்த் தோன்றுவதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதைக் கூறும் எண்ணே அது. மருத்துவ உலகில் இஃது இந்நாளில் ஜாதகப் பொருத்தம் போலாகிவிட்டது. அதனைப் பாராமல் ஒரு காரியமும் நடவாது. பார்த்தவர்களோ பெரும்பாலும் அதன் பொருளை வினாவுவதில்லை.

மேல்வகுப்பு மாணாக்கர் மூவரை அப்பணியில் அமர்த்தினோம். முதல் மணி நேரத்திலேயே அவர்கள் திகைத்தனர். நீரிழிவு நோயாளர் 140 பேருடைய இரத்தச் சர்க்கரையின் சராசரி, நோயற்றவருடையதைப் போன்றிருந்தது. காரணத்தைத் தேடியபொழுது, சோதனை செய்யப்படாத இடங்களிலெல்லாம் சுழியம் இட்டிருந்தமை தெரிந்தது. அட்டவணையின் பிற்பகுதியை நிரப்பிய வேறொருவர் அதே குறைக்கு 999 என்று எழுதியிருந்தார். ஒரு நோயாளருக்கு வயது ஏழு என்றிருந்தது. எழுபதா, எழுபத்தேழா என்பதை அறிய ‘கேஸ் ஷீட்’டையே பார்க்கவேண்டியதாயிற்று. உரியவர்களிடம் அனுமதி பெற்று, பெயரும் முகவரியும் மறைக்கப்பட்ட ஏடுகளை மூன்று நாட்கள் பதிவறையில் அமர்ந்து நம் மாணாக்கர் ஒப்பிட்டனர். அவர்களுள் ஒருவர், மருத்துவருடைய கையெழுத்தை அன்றுதான் வாழ்நாளில் முதன்முறை வாசித்ததாகக் கூறினார். அவ்வேலையைச் செய்யாதவர்க்கு அவருடைய துன்பம் விளங்காது.

இவையெல்லாம் திருத்தத்தக்க பிழைகளே. திருத்தவியலாத பிழை நான்காம் நாளில் வெளிப்பட்டது. புதிய கட்டுப் பெற்றவருட் பெரும்பாலோர் சிறு புண்ணோடு நடந்து வந்து சென்றவர். பழைய கட்டுப் பெற்றவரோ ஆழ்ந்த புண்ணோடு வார்டிற் படுத்திருந்தவர். “எவருக்கு எது என்பதை எம்முறையில் முடிவு செய்தீர்கள், அம்மா?” என்று வினவினோம். “புதிய கட்டு விலை அதிகம், சார். வீணாகக் கூடாதென்று, ஆறிவிடும் என்று தோன்றியவர்களுக்கே போட்டோம்” என்றார். கூறி முடிக்குமுன்னரே அவருக்கு விளங்கிவிட்டது. ஆறக்கூடிய புண்ணைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு கட்டையிட்டு, அது ஆறியபின் கட்டினாலே ஆறிற்று என்று எவ்வாறு கூறுவது? சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நம் மாணாக்கரும் கணினித் திரையைப் பாராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவ்வம்மையார் நேர்மையுடையவர். குறையை மறையாது ஆய்வேட்டில் எழுதினார்; பரீட்சகரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால், 140 பேர் வாரந்தோறும் பேருந்தேறி வந்து, கட்டவிழ்த்துப் புண்ணை அளக்கக் கொடுத்து, தம் வலியினூடே விடையளித்தனரே, அவர்கள் அளித்தது என்னவாயிற்று? எந்தக் கட்டு நல்லது என்ற கேள்விக்கு இன்றளவும் அவ்வேட்டில் விடையில்லை.

பிழை அவருடையது மட்டுமன்று என்பதையே நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். அவர் அவ்வாராய்ச்சியைத் தொடங்கிய நாளில் அம்மருத்துவச்சாலைக்கும் நம் கலாசாலைக்கும் இடையே இருந்த தூரம் இரண்டு மைல். அம்மூன்று மாணாக்கரும் அந்நாளில் நம்மிடந்தான் பயின்றுகொண்டிருந்தனர். நாணயத்தைச் சுண்டுவதையும் பையிலிருந்து நிறப்பந்துகளை எடுப்பதையும் எடுத்துக்காட்டாகக் கூறி, சோதனைச் சூத்திரங்களை அவர்களுக்கு ஐயந்திரிபறக் கற்பித்திருந்தோம். ஒரு கேஸ் ஷீட்டைக்கூடக் காட்டியதில்லை. விடுபட்ட விவரத்திற்குச் சுழியமிடலாகாது என்பது நம் பாடத்திட்டத்தில் எவ்விடத்தும் இல்லை.

புள்ளியியல் அறிஞர் ஆர். ஏ. பிஷர் 1938 ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை நிகழ்த்தியபொழுது, சோதனை முடிந்தபின் புள்ளியியலாரை அழைப்பது பிரேத பரிசோதனைக்கு அழைப்பது போன்றதே என்னும் கருத்தைக் கூறினார். எதனால் இறந்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். கூறப்பட்டது நம் நாட்டில், நம் நாட்டவர் முன்னிலையில். அதனை நாமும் வகுப்பில் ஆண்டுதோறும் நகைச்சுவைபோற் சொல்லிவந்தோம். கேட்ட மாணாக்கரும் ஆண்டுதோறும் நகைத்தனர்.

புள்ளியியலார் முதலிலேயே உடனிருந்தால் விளைவு எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவோம். ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அங்குக் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தில், அது நுரையீரற் காசநோயைத் தீர்க்குமா என்று அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆராய்ந்தது. 1948 இல் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, நோயாளர் 107 பேர். மருந்தும் படுக்கையோய்வும் பெற்றவர் 55, ஓய்வு மட்டும் பெற்றவர் 52. எவர் எப்பிரிவு என்பதை மருத்துவருடைய இரக்கமோ நோயாளருடைய செல்வாக்கோ முடிவு செய்யவில்லை. நம்மவர் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல, முன்னரே சமவாய்ப்பு முறையில் வகுத்து ஒட்டப்பட்ட உறைகளுக்குள் வைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்க்கு, அப்படம் எப்பிரிவினருடையது என்பது தெரியாது. ஆறு மாதத்தில் முதற் பிரிவில் இறந்தோர் 4 பேர், இரண்டாம் பிரிவில் 14 பேர். இம்முறையை வகுத்த ஆஸ்டின் பிராட்போர்ட் ஹில் மருத்துவர் அல்லர். இளமையில் தாமே காசநோய்ப்பட்டு, அதனால் மருத்துவம் பயிலும் எண்ணத்தைக் கைவிட்டுப் பின்னர்ப் புள்ளியியலுக்கு வந்தவர்.

மற்றொன்று சென்னையில் நிகழ்ந்தது. அதனை நம் மாணாக்கருட் பலர் அறியாதிருப்பது நமக்கு வியப்பையும் சிறிது வருத்தத்தையும் தருகின்றது. 1956 இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்திய முயற்சி அது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று இன்று வழங்குவது அதுவே. அக்காலத்தில் காசநோயாளர் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் உள்ள சானடோரியத்திலே மாதக்கணக்கில் தங்கவேண்டும் என்பது யாவரும் மறுக்காத கொள்கை. நாட்டில் நோயாளரோ பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. சென்னை நகரத்து ஏழை மக்களுள் 193 நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைச் சானடோரியத்திலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர்.

வீட்டிலிருந்தோர் நிலையை எண்ணிப்பாருங்கள். ஒரே அறையில் பலர், உணவு குறைவு, உடல் சற்றுத் தேறியதும் பிழைப்புக்குச் செல்லவேண்டிய கட்டாயம். மாத்திரை கொடுத்தனுப்பினால் உண்டார்களா என்பதை எவ்வாறு அறிவது? நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, எஞ்சியிருந்த மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். நோயாளருட் சிலர் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்ற உண்மை அவ்வாறுதான் எண்களாக வெளிப்பட்டது. பிறர் கண்ணெதிரே மருந்துண்ணச் செய்யும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். 1959 இல் முடிவு வெளிவந்தது. வீட்டிற் சிகிச்சை பெற்றோர், சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்திருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கும் அதனால் மிகுதியான இடர் நேரவில்லை என்பதைத் தொடர்ந்து செய்த ஆராய்ச்சி காட்டிற்று. படுக்கை கிடைக்காமையாற் கைவிடப்பட்டிருக்கக்கூடிய எண்ணிறந்தோர்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்னும் துணிவு அரசாங்கங்களுக்குப் பிறந்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் நான்கு பெரிய நிறுவனங்களின் பெயர்கள் ஒரே தாளில் அச்சாகியிருந்தமையன்று. மருத்துவர், சோதனைச்சாலையார், புள்ளியியலார், வீடுதோறும் நடந்த பணியாளர் ஆகிய யாவரும் தொடக்கமுதல் ஒரே ஆராய்ச்சிக்கு உழைத்தமையே காரணமென்பது நம் கருத்து. வெயிலிற் சென்று மாத்திரையை எண்ணியவர் ஒரு நாள் சோம்பி ‘சரியாக உள்ளது’ என்று எழுதியிருப்பாராயின், எத்துணைச் சிறந்த கணிதமும் அதனைக் கண்டுபிடித்திராது.

விரும்பாத விடை வந்தபொழுது அதனைக் கூறும் துணிவும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் பங்கு பெற்றனர். எவருக்குத் தடுப்பு மருந்து, எவருக்கு வெற்றூசி என்பது போட்டவருக்கும் தெரியாதவாறு நடத்தப்பெற்றது. வயது வந்தோரின் நுரையீரற் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளினின்று அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் இடப்படுகின்றது. அது வேறு செய்தி. உலகமே நம்பியிருந்த ஒன்றை நம் நாட்டு வயல்வெளியில் எடுத்த எண்கள் மறுத்தன. அவ்வெண்களைத் திரட்டியவர்களும் அவற்றை மறைக்கவில்லை.

இனி, நம்முள் எழும் ஒரு மறுப்பை நோக்குவோம். “இக்காலத்தில் எல்லாவற்றையும் கணினியே செய்துவிடுகின்றதே, தனிப்பயிற்சி எதற்கு?” என்பர் சிலர். கணினி கூட்டும், பெருக்கும், படமும் வரையும். சுழியம் என்பது சர்க்கரையின் அளவா, சோதனை நடவாமையா என்று கேட்கவேண்டியவர் மனிதரே. “மருத்துவர்களுக்குத்தான் இணையவழிப் பாடம் உள்ளதே” என்பர் வேறு சிலர். உண்மைதான். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையம் ஆராய்ச்சி முறைகளைப்பற்றி அத்தகைய அடிப்படைப் பாடத்தை நடத்துகின்றது. மேற்பட்ட மருத்துவ மாணாக்கர்க்கு அது கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. நல்ல பாடம், நாமே அதனைக் கேட்டுப் பயனடைந்தோம். ஆயினும் நீந்துவதைப் பற்றிய சொற்பொழிவு குளமாகிவிடாது. அவ்வம்மையாரும் அதிற் சான்றிதழ் பெற்றவரே.

நோய் பரவி யாவரும் நிலைகலங்கிய காலத்திற்கூட இவ்வேலையைச் செய்யலாகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. கோவிட் நோயினின்று மீண்டவருடைய பிளாஸ்மாவைச் செலுத்தினால் நோயாளர் பிழைப்பர் என்று 2020 இல் பெருநம்பிக்கை பரவியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவச்சாலைகளை ஒருங்கிணைத்து, 464 நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் வகுத்து அதனைச் சோதித்தது. நோய் முற்றினவர் அல்லது இறந்தவர், பிளாஸ்மா பெற்ற பிரிவில் 19 சதவீதம், பெறாத பிரிவில் 18 சதவீதம். பயனில்லை என்ற இம்முடிவு அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்துவிட்டது.

ஆனால், 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபொழுது நடந்தது என்ன? பிளாஸ்மா கொடுப்பார் யாரேனும் உளரோ என்று வாட்ஸாப்பில் நள்ளிரவிலும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நாமும் அவற்றைப் பிறர்க்கு அனுப்பினோம். நம் பழைய மாணவர் நால்வர், நாம் கேட்டுக்கொண்டதன் பேரிற் சென்று கொடுத்துவந்தனர். அந்த மே மாதத்தில் அரசாங்கம் தன் சிகிச்சை நெறிமுறையினின்று அதனை நீக்கியபின்னரே, ஏழு மாதங்களுக்கு முன் வெளிவந்திருந்த அக்கட்டுரையைத் தேடி வாசித்தோம். புள்ளியியல் கற்பிப்போராகிய நாமே வாசிக்கவில்லையென்றால், மூச்சுத் திணறும் தந்தையை மருத்துவச்சாலை வாயிலில் வைத்துக்கொண்டு நின்ற மகனைக் குறைகூறுவது எவ்வாறு?

ஆகவே நாம் வேண்டுவன சில. புள்ளியியல் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்துச் சனிக்கிழமைகளை மருத்துவச்சாலையிற் கழிக்கவேண்டும். கணக்குப் போடுவதற்காக அன்று. படிவம் நிரப்பப்படும்பொழுது அருகிருந்து காண்பதற்காக. இரவுப் பணியிலுள்ள செவிலியர், முப்பது நோயாளரைப் பார்த்துக்கொண்டே நாற்பது கட்டங்கள் கொண்ட படிவத்தை நிரப்புவதை ஒரு முறை கண்டவர், நாற்பத்தோராவது கட்டம் வேண்டுமென்று பின்னர் எளிதிற் கேட்கமாட்டார். மருத்துவ மாணாக்கரோ, முதல் நோயாளரைச் சேர்ப்பதற்கு முன்னரே நம்மிடம் வரவேண்டும். எதை அளப்பது, யார் அளப்பது, அளக்க இயலாதபொழுது என்ன எழுதுவது, எவருக்கு எச்சிகிச்சை என்பதை எச்சீட்டு முடிவு செய்யும் என்பனவற்றை இருசாராரும் ஒரே மேசையிலமர்ந்து எழுதி, பத்து நோயாளரிடம் வெள்ளோட்டம் பார்த்தபின் தொடங்கவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனவே உயிர்ப்புள்ளியியல் துறை பல்லாண்டுகளாக இயங்கிவருகின்றது. எல்லா ஊரிலும் அத்தகைய துறை ஏற்படும்வரை, அருகிலுள்ள கலைக் கலாசாலையேனும் பயன்படலாமன்றோ?

மற்றொன்றையும் வெளிப்படையாகவே கூறுவோம். மருத்துவக் கலாசாலைகள் உள்ள ஊர்களில், ஆய்வேட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டோர் பலர். அவருள் நம் பட்டதாரிகளும் உளர். அவரை நாம் பழிக்கவில்லை. வயிறு யாவர்க்கும் உண்டு. ஆனால், வேண்டிய விடை வரும்வரை சோதனையை மாற்றி மாற்றிப் போடும்படி கேட்கப்படும்பொழுது மறுக்கும் வலிமை, தனியே அமர்ந்து கூலிக்கு உழைப்பவர்க்கு எங்கிருந்து வரும்? ஆராய்ச்சியிற் பங்காளியாக அவர் பெயரும் இருந்தால்தான் அவ்வலிமை உண்டாகும். இறுதிப் பக்கத்து நன்றியுரையில் ஒரு வரியும், மேசையில் ஒரு காப்பியும் பங்காளிக்கு உரிய இடமாகா.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமெங்கே என்று சக ஆசிரியர் சிலர் வினவியுள்ளனர். இப்பொழுது மூன்றாம் பருவத்தில் வைத்துள்ள செய்முறை வகுப்புகளுட் பாதியை விடுத்தாற் போதும். நிறப்பந்துப் பை சில காலம் அலமாரியில் இருக்கட்டும்.

அவ்வம்மையார் இப்பொழுது வேறோர் ஊரில் பணிபுரிகின்றார். தமக்கு இளையவர் இருவரைச் சென்ற மார்கழியில் நம்மிடம் அனுப்பியிருந்தார். அவர்கள் பென் டிரைவ் எதுவும் கொண்டுவரவில்லை. இன்னும் ஒரு நோயாளரையும் சேர்க்கவில்லை. இரண்டு பக்கங்கொண்ட வெற்றுப் படிவம் ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. நம் மாணாக்கர் அதிற் பதினேழு திருத்தங்கள் கூறினர். அவற்றுள் ஒன்பதை மருத்துவர் ஏற்றனர். மூன்றினை, “வார்டுக்கு வந்து ஒரு நாள் நின்று பாருங்கள், பிறகு சொல்லுங்கள்” என்று மறுத்தனர். எஞ்சிய ஐந்தினைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. வருகின்ற சனிக்கிழமை நம் மாணாக்கர் வார்டுக்குச் செல்கின்றனர்.